மேலே மாட்டிய ஊதா சைக்கிள்

ஜூன் 9, திங்கள்

ஒருவழியாக இன்று கடையில் தரை என்று ஒன்று இருப்பது தெரிந்தது. இத்தனை வருடமாகச் சைக்கிளுக்கு நடுவே சைக்கிளைச் செருகி வைத்திருந்தோம். வருகிறவர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று விலை கேட்பார்கள். திருப்பதியில் ஏதோ கடையில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தூக்கமில்லை. நேற்று பூராவும் வெல்டிங். பழைய கடலைக்காய் மண்டிக் கட்டிடம், கூரை நல்ல உயரம். சுவருக்குச் சுவர் இரும்பு பைப், அதில் வரிசையாகக் கொக்கிகள். ஹேண்டிலுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று. இப்போது எல்லாச் சைக்கிளும் நம் தலைக்கு மேலே சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்வலம் போகிற மாதிரி நிற்கின்றன. இடிக்கிறதென்று ஃபேனையும் நீளக் கம்பியில் கீழே இறக்கிவிட்டார்.

“எப்பிடி இருக்குது?” என்றார், கல்யாண மண்டபம் கட்டி முடித்தவர் மாதிரி.

“தலையில விழாத வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. புத்தூரிலேயே நாம்தான் முதலில் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், பாவம்.

மிச்சமான இடத்தில் எங்கள் பெண் தரணிக்கு ஒரு நாற்காலி போட்டோம். மாசியில் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து முழங்காலுக்குக் கீழே ஒடிந்தது. கட்டுப் போட்டுப் பிரித்தாயிற்று, திருப்பதியில் படம் எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்பு சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஊன்றினால் ஈரத்துணி மாதிரி மடங்குகிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணை வீட்டில் தனியாக விட முடியுமா? கடையில் என் கண்ணெதிரே இருக்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

பள்ளிக்கூடம் திறந்தது. காலையிலிருந்து சீருடைப் பிள்ளைகள் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். தரணி வாசல் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி. தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் என்று ஏற்கெனவே கடை காற்று வாங்குகிறது. அவர்களுக்கு முடிவதற்குள் நமக்கு ஆடி பிறந்துவிடும். இந்த எல்லையில் கடை வைத்தவனுக்கு வருடத்தில் இரண்டு மாதம் பட்டினி.

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே நகரியிலிருந்து ஒருவர் வந்தார். நாராயணசாமி, விசைத்தறிக்காரர். மகள் துர்காவுக்கு என்று ஊதா நிற லேடீஸ் சைக்கிள் ஒன்றை எடுத்தார். முழுப் பணமும் கட்டிவிட்டார்.

“தங்கச்சி, பூஜைய இன்னிக்கே போட்டுடு, ஆடி பொறந்துட்டா கூடாது. ஆவணி ஒண்ணாந்தேதி அவ பொறந்த நாளு, அன்னிக்கி வந்து எடுத்துக்கினு போறேன். வீட்டுல வெக்க எங்கம்மா எடம்? ரெண்டு தறி நிக்குது, நாங்களே சொவுத்தோரம் ஒண்டிக்கினு படுக்கறோம். அவளுக்குத் தெரியவும் கூடாது.”

“மேலயே இருக்கட்டும்ணா. அங்க யாருக்கு எடஞ்சல்?” என்றேன்.

சந்தனம் குங்குமம் வைத்துச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பழத்தை நசுக்கும்போது வண்டிக்கு உடையவள் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். துர்காதான் இல்லையே. நாராயணசாமி சுற்றிப் பார்த்துவிட்டுத் தரணியைக் காட்டினார். “பாப்பா ஒக்காரட்டும். எல்லாம் பொண்கொழந்தைங்கதான?”

என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். பழம் நசுங்கியது. மாசிக்குப் பிறகு இன்றுதான் என் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விற்ற வண்டிக்கு மஞ்சள் கயிறு கட்டுவது எங்கள் வழக்கம். கயிறு இருந்தால் வேறு யாருக்கும் காட்ட மாட்டோம். துர்கா பெயரைச் சொல்லி ஹேண்டிலில் நானே கட்டினேன். இவர் கழியால் தூக்கி மேலே மாட்டினார். தரணியின் நாற்காலிக்கு நேர் மேலே.

ஜூலை 21, திங்கள்

ஊதா சைக்கிளின் பெடல் சுற்றுகிறது. மெதுவாக, யாரோ யோசித்து யோசித்து மிதிக்கிற மாதிரி. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ரயிலு போவுது, அதிருது” என்றார். பக்கத்துச் சைக்கிள்களுக்கு ரயில் போகவில்லையா? “ஃபேன் காத்து” என்றார். கேட்டதற்குப் பதில் இருக்கிறது என்பதே அவருக்குப் போதும், சரியான பதிலாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஜூலை 23, புதன்

தரணியின் நாற்காலி மேல் மண் விழுந்திருந்தது. பல்லி என்று நினைத்துத் துடைத்தேன். மறுபடி விழுந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். ஊதா சைக்கிளின் இரண்டு டயரிலும் களிமண். ஈரமாக.

இந்தச் சைக்கிள் பெட்டியிலிருந்து பிரித்து, தரையில் மூன்று முழம் உருண்டு, மேலே ஏறியது. அவ்வளவுதான் அதன் பயணம். நம் தெருவில் சிமெண்டு ரோடு. மழையும் இல்லை.

துடைத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. கட்டிட ஓடு ஒழுகுகிறது என்பார்.

ஜூலை 26, சனி

தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் முடிந்தது. காலையில் இரண்டு வண்டி போயிற்று. எதிர்க்கடைப் பூக்காரி கமலம்மா சில்லறை கேட்டு வந்தவள் அண்ணாந்து பார்த்து, “ஏமம்மா, அதி தனந்தட தானே திருகுதாந்தி சூடு” என்றாள். தானாகவே சுற்றுகிறதாம். என் கண்ணுக்கு மட்டுமில்லை என்று ஆனதில் ஒரு நிம்மதி, ஒரு திகில். இரண்டும் சேர்ந்தே வந்தது. கமலம்மா சில்லறை வாங்காமலே போய்விட்டாள்.

டயரில் இன்றைக்கு நெருஞ்சி முள். அன்றைக்குத் துடைத்த இடத்தில் புது மண்.

தரணி காலையில் எழுந்ததும் கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். அந்தக் காலில்தான்! இத்தனை மாதமாக ஊசி குத்தினாலும் தெரியாத காலில். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 31, வியாழன்

நின்றாள்! சுவரைப் பிடிக்காமல் நின்றாள்! இவர் தேம்பித் தேம்பி அழுதார். நான் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அழுதேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் செய்தேன். தரணி அடுப்படிக்குத் தானாக நடந்து வந்து வாசலில் நின்று கேட்டாள்.

“அம்மா, எல்லா வீட்லயும் தறி ஓடுற தெரு எங்கம்மா இருக்குது?”

“ஏன்?”

“கனவுல நான் சைக்கிள் ஓட்டறேன்மா. ஏரிக்கரை மேல போய், புளிய மரமா வரும், அத்தத் தாண்டி எறங்குனா தெரு பூரா தறி சத்தம். நீலக் கதவு போட்ட ஒரு வீடு இருக்குது. தெனமும் அங்கதான் போறேன். அதுக்குமேல வண்டி போமாட்டேங்குது.”

அவள் நகரிக்கு ஒருநாளும் போனதில்லை. புளியோதரை கருகிவிட்டது. வேறு கிளறினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாராயணசாமி போன் செய்தார். ஆவணி ஒன்றாம் தேதி வர முடியுமோ முடியாதோ என்றார்.

“துர்காவுக்கு ஒடம்பு செரியில்ல தங்கச்சி. காலுல பெலமே இல்ல. நின்னா சாயறா. திருப்பதியில ரத்தம், ஸ்கேன்னு எல்லாம் பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லேன்றாங்க. பொழுது விடிஞ்சா யாரோ ரவ்வெல்லாம் நடக்க வெச்ச மாதிரி களைச்சிப் போயி கெடக்கறா.”

“எப்பலேர்ந்துணா?”

“ஆடி பொறந்ததும் ஆரம்பிச்சிச்சி. யாரு கண்ணு பட்டதோ.”

போனை வைத்தபோது தரணி கடை வாசலில் பட்டாணிக்காரனுடன் பேரம் பேசிக்கொண்டு நின்றாள். நின்றாள் என்று எழுதிவிட்டு அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை. ஊரில் ஒரு பிள்ளை எழுந்தால் இன்னொரு பிள்ளை படுக்கத்தான் செய்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

அப்போ மண்ணு எங்கேர்ந்து வருதுடி பிரமிளா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புடவை எடுக்க என்று பொய் சொல்லிவிட்டு நகரிக்குப் போய் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏரிக்கரை, புளிய மரங்கள், இறக்கம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். நீலக் கதவு.

துர்கா தறிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கட்டிலில் படுத்திருந்தாள். தரணி வயதுதான். அதே மாதிரி இரட்டைச் சடை. நாராயணசாமி எனக்குக் கலர் வாங்கி வரக் கடைக்குப் போனார். அவள் அம்மா தறியில் இருந்தாள், அந்தச் சத்தத்தில் எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்காது. அந்தப் பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, உங்க வகிடு கோணலா இருக்குது.”

தலையைத் தடவிக்கொண்டேன். “அப்பிடியாம்மா?”

“மேல இருந்து பாத்தா நல்லா தெரியுது.”

கட்டிலோரம் குனிந்தேன். “எங்க மேலருந்து?”

“தெரியல. எனக்கு ரெண்டு பக்கமும் சைக்கிளா மாட்டி வெச்சிருக்காங்க. நானும் மாட்டிக்கினு இருக்கேன், எறங்க வரல. எனக்குக் கீழ ஃபேன் சுத்துது. அதுக்கும் கீழ ஒரு பொண்ணு சேர்ல ஒக்காந்து மேலயே பாத்துக்கினு இருக்கும். இப்ப அந்தப் பொண்ணு எழுந்து எங்கெங்கயோ போவுது. நீங்கதான் எப்பவும் இருக்கீங்க.”

இந்தப் பெண் எங்கள் கடையைப் பார்த்ததில்லை. சைக்கிள் வாங்கியதே அவளுக்குத் தெரியாது.

“பயமா இருக்குதா கண்ணு?”

“பயம் இல்ல ஆன்ட்டி” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “போர் அடிக்குது.”

நாராயணசாமி கொண்டுவந்த கலரை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இவர் ரேணிகுண்டாவுக்கு பார்சல் எடுக்கப் போயிருந்தார். நானே கழியைப் போட்டு ஊதா சைக்கிளை இறக்கினேன். சைக்கிளுக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை அது. பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்கி இறக்குகிற கனம். தரையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுக் கடையைப் பூட்டினேன். நாராயணசாமிக்கு போன் செய்து, காலையில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அறையில் தொப்பென்று சத்தம். ஓடினேன். தரணி தரையில் கிடந்தாள், கால் துணி மாதிரி மடங்கி.

“அம்மா, என் கால காணோம்மா!”

அய்யோ. நான்தான். நான்தான் பண்ணினேன்.

அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே போன் அடித்தது. நாராயணசாமி கத்தினார்: “தங்கச்சி! எழுந்துட்டா! வாசலு வரைக்கும் நடந்து வந்தா! நாலு இட்லி துன்னா!” பின்னால் அவர் மனைவி அழுகிற சத்தம், தறி நின்றுபோன சத்தம். நல்லதுங்கணா என்றேன். எனக்கே கேட்கவில்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண், நீலக் கதவு, வகிடு, எல்லாம். ரயில் என்பார், ஃபேன் என்பார், உனக்குப் பித்து என்பார் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். தரணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது சைக்கிள் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

“அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்மந்தம்?” என்றார், என் முகத்தைப் பாராமல். “ஒரு சம்மந்தமும் இல்ல. அப்போ எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கட்டும். யாருக்கு இன்னா நஷ்டம்?”

நம்பாதவர் என்று இத்தனை நாள் கேலி செய்தேன். என்னைவிட அவர் முன்னாலேயே நம்பியிருக்கிறார்.

மத்தியானத்துக்குள் தரணி எழுந்து நின்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. அதே கம்பெனி, அதே ஊதாவில் இன்னொரு சைக்கிளை நேற்றுப் புதுப்பெட்டி பிரித்து இவர் பூட்டி வைத்திருந்தார். மஞ்சள் கயிறும் அவரே கட்டினார். இதற்கு எந்தப் பெயரைச் சொல்லிக் கட்டினார் என்று நான் கேட்கவில்லை.

நாராயணசாமி வந்தார். பாதியாக இளைத்திருந்தார். “ஒரு நாளு எழுந்து ஆசை காட்டிட்டு மறுபடியும் படுத்துட்டா” என்றார். “வண்டியப் பாத்தாவாவது எழுந்திருப்பாளோன்னு வந்தேன்.”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. அண்ணா, அது இல்லை உங்கள் வண்டி, மேலே இருக்கிறதே அதுதான் என்று. வாய் திறந்தேன். அப்போது தரணி எதிர்க்கடையிலிருந்து அவருக்கு டீ வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல்.

வாயை மூடிக்கொண்டேன்.

“பாப்பா நடக்குதா! நல்லா இரும்மா, நூறு வருசம் நல்லா இரு” என்று அவள் தலையில் கை வைத்து வாழ்த்தினார். அந்தப் புது வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரான் பிள்ளையை என்ன செய்து என் பிள்ளையை வளர்க்கிறேன்?

ஆகஸ்ட் 25, திங்கள்

தரணி பள்ளிக்கூடம் போனாள். நடந்து.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று இறக்கிவிடலாம் என்று கழியை எடுத்தேன். தரணிக்கு நாளை கணக்குப் பரீட்சை. முடியட்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடை கழுவி, எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்தோம். மேலே இருப்பவற்றுக்கு இவர் ஏணி போட்டு ஏறினார். ஊதாவுக்கு நான் வைக்கிறேன் என்று ஏறினேன். சீட்டு குழிந்திருக்கிறது. டயர் பாதி தேய்ந்துவிட்டது. நெற்றியில் வைக்கிற மாதிரி ஹேண்டில் நடுவில் குங்குமம் வைத்தேன். சில்லென்றில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

சாயங்காலம் நாராயணசாமி அந்த இன்னொரு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.

“ஓட்ட ஆளில்ல. இல்ல, இருக்கறா, இருக்கறா தங்கச்சி. பேச்சுதான் நின்னுபோச்சி. மல்லாந்துதான் படுத்திருக்கா, ஆனா கண்ணு மட்டும் எங்கயோ பள்ளத்துல பாக்கற மாதிரியே இருக்குது. கூப்ட்டா திரும்பறதில்ல.”

அவர் போகிற வரைக்கும் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவர் என்ன காக்கையைவிடக் குறைந்தவரா?

நாளைக்கு இறக்கிவிடுகிறேன். இல்லை, தசரா லீவு முடிந்ததும்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தின ஓட்டப் பந்தயத்தில் தரணி இரண்டாவதாக வந்தாள். மேடையில் தெலுங்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவர் விசில் அடித்தார், மானம் போயிற்று. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதவே பயமாக இருக்கிறது.

தரணி இப்போது கடைக்கு வருவதில்லை. கனவும் வருவதில்லையாம். “அந்தக் கடையில தல மேல யாரோ மூச்சு வுடற மாதிரியே இருக்குதும்மா” என்கிறாள். வராதே என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 17, புதன்

நேற்று மார்கழி பிறந்தது. நான் எதுவும் கேட்காமலே இவர் சொன்னார், மார்கழியில் வண்டியைக் கைமாற்றக் கூடாது என்று. சரிதான். தை பிறக்கட்டும்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டேன். இவர் போய்ச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து வருவார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரணியின் நாற்காலியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பேன். மேலே பார்த்து, அன்றைக்குத் தெருவில் நடந்ததைச் சொல்வேன். கமலம்மாவுக்கும் பால்காரனுக்கும் சண்டை, நாகேந்திரன் மளிகையில் எலி, ரயில் லேட். சிரிப்பு வருகிற மாதிரி சொல்லத் தெரியும் எனக்கு. இன்று வகிட்டை நேராக எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். சொன்னேன். மதியம் பூராவும் பேசினேன். சின்னப் பிள்ளை, தனியாக எவ்வளவு நேரம்தான் இருப்பாள்?